துடைக்காத கண்ணாடி வழியே நெய்யூருக்கு

காலை 8.10, ஆரல்வாய்மொழி.

திருநெல்வேலிப் பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்தில் மழை இல்லை, காற்றுதான் இருந்தது. காற்று என்று ஒருமையில் சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டு மலைகளுக்கு நடுவில் கிடைத்த சந்துக்குள் பல காற்றுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன. கையிலிருந்த அறுபத்தைந்து ரூபாய்ப் பயணச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போயின. கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் இராமநாதபுரத்துக்காரன். ஜூன் மாதத்தில் எங்கள் கண்மாய்களில் வெடிப்புகள் மட்டும்தான் நிறைந்திருக்கும். மேற்கேயிருந்து வரும் மழை தமிழ்நாட்டுக்குள் முதலில் கால் வைக்கும் மண்ணைப் பார்த்துவிட வேண்டும், மண்டைக்காட்டுக் கடற்கரையில் நின்று அது கடல்மேல் நடந்து வருவதைக் கண்ணாரக் காண வேண்டும் என்று கிளம்பியவன். ஒரு நண்பர் கொடுத்த எண்ணில் முந்தின நாள் மாலை அழைத்தபோது எடுத்தது ஒரு பெண்குரல். செலின். வாடகைக் கார் ஓட்டுபவர்.

“சாரே, நாளைக்கு பொழுது வெளுக்கும்ப ஒரு என்ஜினியர ஆரல்வாய்மொழியில காத்தாடிகிட்ட கொண்டு விடுகேன். திரும்பி சும்மாத்தான் வருவேன். நீங்க அங்க வந்து எறங்கினா ஆயிரத்து இருநூறுக்கு மண்டைக்காட்டுல விட்டுருவேன். ஆனா ஒரு காரியம். மண்டைக்காடு புதூர்ல ஒரு மாமா உண்டு, கிட்னி கேஸு. பத்தரைக்கு அவர நெய்யூர் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் கட்டில்ல ஏத்தியாவணும். வழியில போட்டோ எடுக்க வண்டிய நிறுத்தச் சொல்லப்பிடாது. சம்மதமா?”

சம்மதித்தேன்.

8.25. வெள்ளை நிறக் கரண்டு வண்டி சத்தமே இல்லாமல் என் அருகில் வந்து நின்றது. செலினுக்கு நாற்பது தாண்டியிருக்கும். குவைத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஒன்பது வருடம். திரும்பி வந்து மூன்று மாதத்துக்கு முன் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். உள்ளே பொத்தான், திருகு எதுவும் இல்லை. நடுவில் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்குத் திரை. முன்கண்ணாடியின் உச்சியில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, நீல அங்கி உடுத்த மாதா படம் ஒட்டியிருந்தது.

வண்டி நகர்ந்ததும் நல்ல வெயிலில், வறண்ட கண்ணாடியில், வைப்பர் இரண்டும் கரகரவென்று இழுத்துக்கொண்டு ஓடின. நான் திடுக்கிட்டேன்.

“ஒண்ணுமில்ல சாரே. காத்தாடி நெழல் கண்ணாடியில விழுந்தா அது மழன்னு நெனச்சிக்கிடும். தானாட்டு தொடைக்குற வைப்பராக்கும்.”

“மழை பெய்தால்?”

“அப்பம் வெயில்னு நெனச்சிக்கிடும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தோவாளை தாண்டியதும் தெரிந்தது. தூறல் என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. துளிகளாக விழாமல், மேகத்தையே யாரோ கிழித்துச் சாலையில் உலர்த்தியதுபோல் தொங்கியது. கண்ணாடி மெல்லப் பாலானது. முன்னால் போன லாரியின் பின்பக்கம் சிவப்பாகக் கசிந்தது. வைப்பர் அசையவில்லை.

“தூங்குது பாத்தியளா, சவம்,” என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த கம்பியின் நுனியைச் செலின் அழுத்தினார். ஒரே ஒரு தரம் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஒரு தரம். தொடர்ந்து துடைக்க வேண்டுமென்றால் திரையில் மூன்று இடத்தைத் தொட வேண்டுமாம். முதலில் வண்டியின் படம், பிறகு கண்ணாடியின் படம், பிறகு வேகம். அப்படியும் மனிதர் வைத்த வேகத்தைக் கொஞ்ச நேரம்தான் மதிக்கும். பிறகு தன் இஷ்டத்துக்கே திரும்பிவிடும்.

போன சனிக்கிழமைக் கதையை அப்போதுதான் சொன்னார். அந்தப் புதூர் மாமா மிக்கேலை ஏற்றிக்கொண்டு போகையில் பெருமழை. வைப்பர் எழும்பவில்லை. திரையைத் தொடுவதற்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுத்த ஒரு நொடியில் இடப்பக்கச் சக்கரம் சாலையோர ஓடைக்குள் இறங்கப் பார்த்தது. வண்டியை ஒதுக்கி நிறுத்தி, மழை குறையும்வரை ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“நாலு மணிக்கூர் ரெத்தம் சுத்தம் பண்ணணும் சாரே. பிந்திப் போனா அவருக்குப் பொறத்த வாற ஆளுக்க நேரத்தப் பிடுங்க முடியுமா? மூணு மணிக்கூர்தான் கெடச்சுது. ஞாயித்துக்கெழம பூரா மாமாவுக்கு மூச்சு முட்டு. காலு ரெண்டும் வீங்கி, பூசைக்குப் போவல்ல. அத்த என்ன ஒரு வார்த்த சொல்லல்ல கேட்டியளா. ஏசியிருந்தா தேவலாம்.”

இன்று செவ்வாய். வாரத்தில் மூன்று நாள் அந்தக் கட்டில். இன்றைக்கும் பிந்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

9.05, நாகர்கோவில், வடசேரி. மழை விட்டிருந்தது. செலின் வண்டியை ஓரமாக நிறுத்தி, வண்டி விற்ற கடையின் சர்வீஸ் ஆளை அழைத்தார். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“மேடம், ரெயின் சென்சார் முன்னாடி ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?” என்றது அந்தக் குரல்.

செலின் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மாதாவும் எங்களைப் பார்த்தாள்.

“மழைய அறியுற கண்ணு அங்கதான் இருக்கு மேடம். கண்ணாடியோட உச்சி நடுவுல. அத மறைச்சா எப்படி வேலை செய்யும்?”

அழைப்பைத் துண்டித்தார். “சாமியார் வண்டிய மந்திரிச்ச அன்னைக்கு நானே ஒட்டினது. மாதாவுக்கு ரோடு தெரியணும்லா சாரே? எங்க ஊருல எல்லா வண்டியிலயும் அங்கதான் ஒட்டுவாவ. வள்ளத்துல அணியத்துல வைக்கமாட்டமா, அதுபோல.”

படகின் முன்முனையில் வைப்பதைக் காரின் முன்பக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். வண்டியைச் செய்தவர்களும் தங்கள் கண்ணை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பார்வைக்கு உகந்த இடம் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது.

நகத்தால் ஓரம் ஓரமாகச் சுரண்டினார். முனை கிழிந்துவிடாமல் எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. எடுத்த படத்தை முத்தமிட்டு, எங்கே ஒட்டுவது என்று தடுமாறினார். கதவிலா? “அங்க இருந்தா மாதாவுக்கு என் முட்டுங்காலுதான் தெரியும்.” கடைசியில் என் பக்கத்து முன்தட்டின்மேல், சாலையைப் பார்க்கும்படி ஒட்டினார். எடுத்த இடத்தில் பசை மிச்சமில்லாமல் துணியால் தேய்த்தார்.

“செரி. இனி வேல செய்யும்,” என்றார். குரலில் ஒரு நிம்மதியும் ஒரு குற்றவுணர்வும் சேர்ந்திருந்தன.

9.35, ராஜாக்கமங்கலம். கடலோரமாகப் போகும் மேற்குச் சாலை. தென்னைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தலைசாய்த்திருந்தன. மழை தூரத்தில் வெள்ளைச் சுவராக நின்றது. நாங்கள் அதை நோக்கிப் போனோமா, அது எங்களை நோக்கி வந்ததா தெரியாது. அடுத்த நொடி நாங்கள் அதற்குள் இருந்தோம். கூரையில் அத்தனை சத்தம். கண்ணாடியில் ஆறு ஓடியது.

வைப்பர் அசையவில்லை.

இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. செலின் கம்பியின் நுனியை அழுத்தினார். ஒரு தரம் துடைத்தது. முன்னால் ஒரு மாட்டு முகம் தெரிந்து மறைந்தது.

“மாதா மேல பழி போட்டியே,” என்று வைப்பரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பாமலே, “சாரே, உங்க கை சும்மாத்தான இருக்கு? அந்தத் திரையில வண்டிப் படத்தத் தொடுங்க. நான் ரோட்டுலேந்து கண்ண எடுக்கமாட்டேன். இன்னைக்கு நிறுத்தவும் மாட்டேன்.”

தொட்டேன். வண்டிப் படம், கண்ணாடிப் படம், வேகம். வைப்பர்கள் விழித்துக்கொண்டு ஓடின. சாலை தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம். மூன்று நிமிடத்தில் அது பழையபடி படுத்துக்கொண்டது. மறுபடி தொட்டேன். அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி என்று ஊர்ப்பெயர்கள் வந்ததை நான் பலகைகளில் படிக்கவில்லை, செலின் சொல்லித்தான் தெரியும். பார்க்கத்தான் வந்திருந்தேன். என் கண் முழுக்க அந்தத் திரையில் இருந்தது.

10.01, மண்டைக்காடு புதூர். தெருமுனையில் காற்று புரட்டிப்போட்ட குடையுடன் ஒரு அம்மாள் நின்றிருந்தார், செலின் சொன்ன அத்தை. பிலோமி. பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கறுத்து மெலிந்த, அகன்ற தோள்கள் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு மனிதர். மிக்கேல். முப்பத்தைந்து வருடம் கடலில் போனவர். வண்டியைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைச் செலினுக்குக் காட்டினார்.

“ஏறுங்க மாமா. இருபத்தொம்பது நிமிஷம் இருக்கு.”

“ஒம்பது கிலோமீட்டருக்கு அது போதும். இந்த வண்டிக்குப் போதுமா?”

பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள். செலின் என்னைப் பார்த்தார். “சாரே, உங்க இடம் வந்தாச்சு. கடக்கர அந்தா, நூறடிதான்.”

உண்மைதான். வீடுகளுக்கு நடுவில் கடல் தெரிந்தது. நான் தேடி வந்த மழை அதன்மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில், அவசரமே இல்லாமல். கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது.

பின்னாலிருந்து மிக்கேல் கேட்டார்: “இது ஆரு?”

“வைப்பர் போடுற சாரு,” என்றார் செலின்.

“அப்பம் எங்க எறங்குகாரு? ஓய், வள்ளம் பாதிக் கடல்ல நிக்கும்ப வெள்ளம் கோருற ஆளு எறங்கிப் போவானா?”

படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறவனைச் சொல்கிறார் என்று புரிந்தது. கதவை இழுத்துச் சாத்தினேன்.

10.03. இனி நடந்தது சாலைப் பயணம் அல்ல. மிக்கேல் பின் இருக்கையின் நடுவுக்கு நகர்ந்து, எங்கள் இருவர் தோளுக்கும் நடுவே முகத்தை நீட்டிக்கொண்டார். படகில் ஒருவன் கடலைப் பார்ப்பான், ஒருவன் சுக்கானைப் பிடிப்பான், ஒருவன் தண்ணீரை இறைப்பான். பார்க்கிறவன் சொல்வதை மற்ற இருவரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படித்தான் வேலையைப் பிரித்தார்.

“எட்டி செலின், நீ நேரே பிடி. மேல கீழ பாக்காண்டாம். சாரே, நான் ‘அடி’ன்னா ஒரு அடி. ‘ஓட்டு’ன்னா ஓடவிடணும். மனசிலாச்சா?”

“ஆச்சு.” திரையில் கண்ணாடிப் படத்தைத் தொட்டால் ஒரு தரம் துடைக்கும், வேகத்தைத் தொட்டால் ஓடும்.

“அடி.”

நான் பதறி வேகத்தைத் தொட்டுவிட்டேன். வைப்பர் வெறிபிடித்ததுபோல் ஆடியது.

“ஓய்! அது ஓட்டு. நான் சொன்னது அடி. இப்பிடி இறைச்சா வள்ளத்துல இருக்குற மீனையும் சேத்து வெளிய கொட்டிருவீரு.”

செலின் சிரித்துவிட்டார். சிரித்தாலும் கண் சாலையில் இருந்தது. வண்டியின் பொறியாளர்கள் கண்ணாடிக்குள் வைத்த கண்ணால் காண முடியாததை இந்த மனிதர் எதிரே வரும் காற்றின் சாய்விலிருந்து கண்டார். “தென்ன மட்ட தூக்குது, இப்பம் வரும், ஓட்டு,” என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் மழை வந்து அறையும். “விட்டுருச்சு, அடி போதும்,” என்பார். சத்தம் அடங்கும். எதிரே பேருந்து வந்தால், அது வாரியடிக்கும் சேற்று நீர் நம்மேல் விழுவதற்கு முன்பே, “அடி, அடி.”

நடுவில் ஒரு தரம் பக்கத்துச் சன்னலைக் கொஞ்சம் இறக்கி நாக்கை வெளியே நீட்டினார்.

“ஏத்துங்க கண்ணாடிய,” என்றார் பிலோமி. “அதுவும் கணக்குல வரும்.”

“நாலு துளி ட்டி.”

“நாலு துளின்னு சொல்லித்தான் நேத்து ஒரு டம்ளர் கூடிப்போச்சு.”

ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்குமேல் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது. வானம் முழுதும் தண்ணீராகக் கொட்டும் ஊரில், வாழ்நாளெல்லாம் தண்ணீர்மேல் கிடந்த மனிதருக்கு. பிலோமி ஒரு சிறு குடுவையைத் திறந்து ஐஸ்கட்டித் துண்டு ஒன்றை அவர் வாயில் போட்டார். அதை அடக்கிக்கொண்டே அவர் “ஓட்டு” என்றார்.

10.17, திங்கள் நகர். சந்திப்பில் வாகனங்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு பேருந்து எங்கள் பக்கமாக மெல்லத் திரும்பியது. மிக்கேல், “அடி!” நான் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டேன். என் விரல் வேர்வையில் நனைந்திருந்தது. திரைக்கு அது விரலாகத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்கச் செம்மண் நீர். பேருந்தின் ஹாரன் எங்கோ மிக அருகில். செலின் நிறுத்தவில்லை, திருப்பவும் இல்லை. கம்பியை அழுத்தக்கூடக் கையை எடுக்காமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, நத்தைபோல் நேராகவே போனார்.

“நேரே, நேரே, அப்பிடித்தான் மக்கா,” என்றது காதருகே மிக்கேலின் குரல்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பிலோமி என் விரல்களைத் துவர்த்துத் துண்டால் அழுத்தித் துடைத்தார், குழந்தைக்குத் துடைப்பதுபோல. பிறகு திரையையும் ஒரு இழுப்பில் துடைத்தார். “இனித் தொடுங்க.”

தொட்டேன். சாலை திரும்பி வந்தது. பேருந்து எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

10.27, நெய்யூர். செலின் வண்டியை ஆஸ்பத்திரி வாசலின் கூரைக்கு அடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். பிலோமி அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். நாங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கூரையின் அடியில், ஒரு துளி மழை இல்லாத இடத்தில், வைப்பர் தானாக எழுந்து கண்ணாடியைக் கரகரவென்று துடைத்தது. செலின் அதைப் பார்த்துக் கை கூப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பிலோமி வாசலுக்கு வந்து, நான்கு விரல்களை விரித்துக் காட்டினார். முழு நான்கு மணி நேரம். செலின் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

11.15. எதிர்க்கடையில் தேநீர், பதினைந்து ரூபாய். செலின் மறுபடி சர்வீஸ் ஆளை அழைத்தார். ஸ்டிக்கரை எடுத்தாயிற்று, இன்னும் தூங்குகிறது என்றார். அடுத்த அப்டேட்டில் சரியாகும் மேடம் என்றது குரல். எப்போது வரும்? சொல்ல முடியாது மேடம்.

“மழ அப்டேட்டுக்குக் காத்து நிக்குமா தம்பி?” என்று வைத்துவிட்டார். பிறகு என்னிடம், “குவைத்துல நான் ஓட்டின வேனு என்னைய விட மூப்பு. அதுல ஒரு திருகு உண்டு. மழைய நான் பாப்பேன், திருகுவேன், தொடைக்கும். அதுல என்ன கொறச்சல் கண்டாவன்னு தெரியல்ல. இனி ஆவணி வரைக்கும் மழதான். அதுக்குப் பொறவு ஐப்பசி மழ. நான் ஒரு நாளும் பிந்தமாட்டேன் பாத்துக்கிடுங்க. வைப்பர் எழும்பினாலும் செரி, எழும்பாட்டாலும் செரி.”

அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் ஒன்று உறுத்தியது. நான் இன்று மாலை போய்விடுவேன். வியாழக்கிழமை முன் இருக்கையில் யார்? மாலைப் பேருந்தைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் தங்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்படியானால் சனிக்கிழமை? அதற்கடுத்த செவ்வாய்?

2.50. மிக்கேல் வெளியே வந்தார். நடையில் எடை குறைந்திருந்தது. முகம் கழுவி வைத்த பாத்திரம்போல் இருந்தது. மழை இன்னும் விட்டபாடில்லை. நான் பழக்கத்தில் முன்கதவைத் திறந்து ஏறப் போனேன்.

“மாறுங்க சாரே,” என்றார் பிலோமி.

விலகினேன். அவர் முன் இருக்கையில் ஏறி, துவர்த்தை மடியில் விரித்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். செலின் வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் சொல்லித் தராண்டாம். வரும்ப பூரா பாத்துட்டுத்தான இருந்தேன்? வண்டிப் படம், கண்ணாடிப் படம், அதுக்குப் பொறவு வேகம். போ.”

நான் பின்னால் மிக்கேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல் நடுவுக்கு நகர்ந்து முகத்தை நீட்டினார். வாசலைத் தாண்டியதும் மழை கண்ணாடியை மூடியது. அவர் வாயெடுப்பதற்குள் வைப்பர் ஓடிற்று.

“நான் இன்னும் சொல்லல்லியே ட்டி.”

“எனக்கும் கண்ணு உண்டு.”

மிக்கேல் என்னைப் பார்த்தார். பிறகு, அநேகமாக அந்த வண்டியில் முதல்முறையாக, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். திங்கள் நகர் வருவதற்குள் தூங்கிப்போனார்.

3.10. திங்கள் நகர்ப் பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். செலின் கை அசைத்தார். பிலோமி திரும்பவில்லை, அவர் கண் சாலையில் இருந்தது.

எங்கள் இராமநாதபுரத்தில் மழை வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்போம். கடைக்காரர் தராசைக் கீழே வைப்பார். வாத்தியார் பாதி வாக்கியத்தில் சன்னலைப் பார்ப்பார். மழை எங்களுக்கு வேடிக்கை, சில வருடங்களில் திருவிழா. இங்கே யாரும் நின்று பார்க்கவில்லை. மழைக்குள் ஆட்களுக்கு வேலை இருந்தது, போய்ச்சேர வேண்டிய மணி இருந்தது. கடலோரம் நின்று மழையைப் பார்க்க வந்த நான், நாள் முழுதும் அதற்குள் இருந்தும் அதை ஒரு தரம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நான் ஊரில், வெயிலில், கண்மாய்க்கரையில் நிற்பேன். அந்த நேரம் மண்டைக்காட்டுச் சாலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மிக்கேல் நெய்யூரில் கட்டிலில் படுத்திருப்பார்.